கமிஷனா, தினக் கட்டணமா: பெங்களூரு ஆட்டோக்களின் இரு வழிகள்

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் ஆட்டோ ஓட்டும் நம்மவர்களிடம் பேசினால், சவாரி பிடிக்க எந்தச் செயலி என்பதை விடக் கையில் எவ்வளவு நிற்கிறது என்பதே முதல் பேச்சாக இருக்கும். அந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு.

பழைய முறையில் நிறுவனம் ஒவ்வொரு சவாரியிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். 2022இல் பெங்களூருவில் ஓட்டுநர் சங்கத்தின் துணையோடு தொடங்கிய 'நம்ம யாத்ரி' செயலி கமிஷனை அறவே விட்டு, பின்னர் நாளொன்றுக்கு 25 ரூபாய் என்ற கட்டணத்தைக் கொண்டுவந்தது; அதன் மென்பொருள் நிரலும் எவரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்தே கிடக்கிறது.

கமிஷன் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நாளில் 1,000 ரூபாய்க்கு ஓடுபவர் 200 ரூபாயை இழக்கிறார், தினக் கட்டணத்திலோ 25 மட்டுமே. வண்டி பழுதாகி 125 ரூபாய்க்கும் குறைவாக ஓடிய நாளில்தான் கமிஷன் லாபம். முழுநேர ஓட்டுநருக்கு எது நல்லது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

பயணியின் பக்கம் அவ்வளவு தெளிவாக இல்லை. 2025 பிப்ரவரியில் ஊபரும் ஆட்டோக்களுக்குக் கமிஷனைக் கைவிட்டபோது, செயலி காட்டும் கட்டணம் வெறும் பரிந்துரையாகிப் பணம் நேரே ஓட்டுநரிடம் சென்றது. கட்டணத் தகராறில் நிறுவனம் தலையிடாது. கமிஷன் வாங்கிய நிறுவனத்திடம் முறையிடவாவது இடமிருந்தது. அந்தப் பொறுப்பைத் தினக் கட்டணம் வாங்குவோரும் ஏற்க வேண்டும் என்று பயணிகள் உரக்கக் கேட்க வேண்டும்.