மர பீரோவுக்கு சாக் பெயிண்ட்: மூன்று வருடப் புழக்கத்துக்குப் பிறகு

சாக் பெயிண்ட் விலை இறங்கியிருக்கிறது, வீட்டில் கிடக்கும் பழைய மேசைக்கு அடிக்கலாமா என்று தோழி கேட்டாள். மரச் சாமான்களுக்கு அடிக்கும், பளபளப்பில்லாமல் சாக்பீஸ் போலக் காயும் பெயிண்ட் அது. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் கொஞ்சம் நீளும்.

எப்படி அடிப்பது, எத்தனை கோட்டிங், எந்த பிரஷ் என்பதற்கெல்லாம் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. அடித்து முடித்தபின் என்ன ஆகிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

பீரோ மாமனார் காலத்தது. தேக்கு. இரண்டு கதவு, உச்சியில் பூவேலை செய்த பலகை, உள்ளே பூட்டு வைத்த சின்ன டிராயர். திருச்சியில் புது வீடு கட்டிக் குடிவந்தபோது எல்லா அறைகளிலும் பிளைவுட்டும் மைக்காவும் ஏறிவிட்டன. மரம் என்று தொட்டுப் பார்க்க மிஞ்சியது இது ஒன்றுதான். "தேக்குக்குப் போய் யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா?" என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். எந்தக் காலத்திலோ அதற்குச் சாக்லேட் நிற எனாமல் அடித்து வைத்த புண்ணியவானைத்தான் அவர்கள் கேட்க வேண்டும்.

அந்த எனாமல்தான் என்னைச் சாக் பெயிண்ட் பக்கம் தள்ளியது. வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. பெயிண்டர் அண்ணன் மெஷின் போட்டு மரம் தெரியத் தேய்த்துவிடலாம் என்றார். குழந்தை தவழும் வீட்டில் அந்தத் தூள் பறக்க நான் விடவில்லை. சாக் பெயிண்ட் பழைய பூச்சின் மேலேயே பிடிக்கும், தேய்த்து உரிக்க வேண்டியதில்லை. அழகெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். சோப்பு நீரில் அழுக்கைத் துடைத்தோம், உரிந்து நின்ற ஓரங்களை மட்டும் வாட்டர் பேப்பரை நனைத்துத் தடவினோம், அடித்தோம். பிடித்தது. இன்றுவரை ஓர் இடத்தில்கூட செதில் விடவில்லை. இதற்கு நூற்றுக்கு நூறு கொடுக்கலாம்.

டப்பாவில் "பிரைமர் தேவையில்லை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எனாமல் உதிர்ந்து தேக்கு எட்டிப் பார்த்த இடங்களில் எல்லாம் வெள்ளைக்கு மேலே டீ சிந்தியது போல மஞ்சள் ஊறியது. மரத்தில் இயல்பாகவே இருக்கும் டானின் என்ற துவர்ப்புச் சத்து அது. தண்ணீரில் கலக்கும் பெயிண்ட் அதைக் கரைத்து மேலே இழுத்துவிடும். எத்தனை கோட்டிங் போட்டாலும் ஏறி வரும். பெயிண்டர் அண்ணன் அரக்குச் சில்லை ஸ்பிரிட்டில் கரைத்து அங்கெல்லாம் இரண்டு முறை பூசினார், அதோடு நின்றது. தேக்கையும் ஈட்டியையும் பார்க்காத ஊரின் டப்பாவைப் பார்த்து எழுதிய வாசகம் போலிருக்கிறது. சரி, அது முதல் வாரத்து வேலை, முடிந்து போயிற்று.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று உண்டு. பேட்ச் போட்டால் தெரியவே தெரியாது. எனாமலில் ஒரு கீறலைச் சரிசெய்தால் அந்த இடம் மட்டும் தனியாகப் பளபளக்கும். இதில் மிச்சமிருக்கும் பெயிண்டைத் தொட்டு வைத்தால் காய்ந்ததும் பழையதோடு கலந்துவிடுகிறது. சைக்கிள் ஹேண்டில் இடித்த பள்ளம், சாவிக்கொத்து கிழித்த கோடு எல்லாம் போன இடம் தெரியவில்லை. வாடையும் கிடையாது, அதே அறையில் அன்று ராத்திரியே படுக்கலாம். ஓரங்களை வேண்டுமென்றே தேய்த்துப் பழசாகக் காட்டும் வேலையையும் செய்து பார்த்தேன். "லாரியில ஏத்தும்போது உரசிட்டானா?" என்று பெரியம்மா கேட்டதும் அந்த ஓரங்களை மூடிவிட்டேன். அதுவும் தெரியவில்லை!

இப்போது மெழுகு. சாக் பெயிண்ட் என்ற பெயரையும் சரக்கையும் 1990-இல் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் ஆனி ஸ்லோன். பூச்சுக்கு மேல் மெழுகு தேய்ப்பதும் அந்தப் பக்கத்து வழக்கம்தான். நான் வாங்கியது அவருடைய சரக்கு அல்ல, நம் நாட்டுக் கம்பெனி ஒன்றின் பெயிண்டும் அதற்கு ஜோடியாக விற்கும் மெழுகும். தேய்த்ததும் கை வழுக்கிக்கொண்டு போகும், தொட்டுக்கொண்டே இருக்கலாம். குளிர் நாட்டில் அப்படியே இருக்கும் போல. திருச்சியில் கத்திரி வெயிலுக்கு அது உருகாவிட்டாலும் இளகுகிறது. விரல் பதிகிறது, தூசி ஒட்டுகிறது, கைப்பிடியைச் சுற்றிக் கறுப்பு ஏறுகிறது. மேசை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி: தேன்மெழுகு 62 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கிவிடும். ஆவி பறக்கும் காபி டம்ளரின் அடிப்பாகம் அதைத் தாண்டிய சூடு.

இதையெல்லாம்கூட பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது பொட்டு.

எங்கள் வீட்டில் பணமும் நகையும் இருக்கும் பீரோவுக்கு வெள்ளிக்கிழமை பொட்டு வைப்பார்கள். ஆயுத பூஜை என்றால் கேட்கவே வேண்டாம், கதவுக்கு மூன்று, டிராயருக்கு ஒன்று, பூட்டுக்கு ஒன்று. சாக்லேட் எனாமலில் வருடக்கணக்காக வைத்திருக்கிறார்கள், ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போய்விடும். இப்போதோ வெளிர் வெள்ளை, மேட் பூச்சு, மேலே மெழுகு. விபூதி உதிர்ந்துவிடுகிறது. சந்தனம் லேசாக நிழல் விட்டுப் போகிறது. குங்குமம் போகவே போகாது. மஞ்சளின் நிறம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் கரையும். விளக்கில் திரியைத் தூண்டிய எண்ணெய்க் கையோடு குங்குமத்தைத் தொட்டு மெழுகின் மேல் அழுத்தினால், அதற்கு இதைவிடச் சொகுசான இடம் கிடைக்காது. சோப்புப் போட்டால் இன்னும் மோசம். காரம் பட்ட மஞ்சள் சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் குங்குமம் ஆவதும் இதே கணக்குதான். ஆக, சோப்பு தொட்ட துணி மஞ்சள் கறையைச் சிவப்பாக்கிக் கொடுக்கிறது.

ஜன்னல் பக்கத்துக் கதவில் மட்டும் காலை வெயில் விழுகிறது. வெயில் பட்டால் மஞ்சள் வெளுக்கும் என்பதால் அந்தக் கதவில் கறை மெல்ல மங்கிவிடுகிறது. நிழலில் இருக்கும் கதவு வருடா வருடம் அழுத்தமாகிக்கொண்டே போகிறது.

அத்தையிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "பெயிண்ட மாத்தும்மா, பொட்ட மாத்தச் சொல்லாத" என்றார். நியாயம்தான். பொட்டு முதலில் வந்தது, பெயிண்ட் நேற்று வந்தது.

மெழுகுக்குப் பதில் தண்ணீரில் கலக்கும் மேட் வார்னிஷ் அடித்தால் துடைக்க வரும் என்கிறார் பெயிண்டர் அண்ணன். ஆனால் மெழுகின் மேல் வார்னிஷ் பிடிக்காது. முதலில் டர்பன்டைன் தொட்டு மெழுகு முழுவதையும் எடுக்க வேண்டும், பூவேலை இடுக்கு உட்பட. அப்புறம் வார்னிஷின் ஈரமே டானினை மறுபடி கிளப்பிவிடும் ஆபத்தும் உண்டு. தேய்க்க வேண்டாம் என்று வாங்கிய பெயிண்டில் கடைசியாக என்னை உட்கார்ந்து தேய்க்க வைத்துவிட்டார்கள். டப்பாவின் முதுகில் இதற்கு ஒரு வரி எழுதியிருந்தால் என்ன குறைந்துவிடும்? மஞ்சளும் குங்குமமும் புழங்காத வீடா இந்தக் கம்பெனிக்காரர்களுக்கு?

தோழிக்கு என் பதில்: வாங்காதே. ஒட்டுகிறது, உரியவில்லை, பேட்ச் தெரியவில்லை, வாடை இல்லை, எல்லாம் உண்மை. இருந்தாலும் வேண்டாம். வாங்கியே தீருவேன் என்றால் வெளிர் நிறத்தை விட்டுவிட்டுக் காவியோ அரக்குச் சிவப்போ பார், மெழுகு டப்பாவைக் கடையிலேயே வைத்துவிட்டு வா. என்னிடம் மிச்சமிருக்கும் பெயிண்டை மட்டும் கேட்காதே, சாப்பாட்டு மேசை நாற்காலிகளுக்கு அதைத்தான் அடிக்கப் போகிறேன்.