கிழிசலைத் தாங்குவது எது: இயற்கை ரப்பரா, எஸ்பிஆர் என்ற செயற்கை ரப்பரா?

நல்ல ரப்பர் பேண்ட் பல மடங்கு இழுத்தாலும் தாங்கும். ஓரத்தில் பிளேடால் சின்னதாக ஒரு கீறல் போட்டுவிட்டு இழுத்தால் கதையே வேறு. இழுவிசை வலிமையை மட்டும் பார்த்து ரப்பரைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். பார்க்க வேண்டியது கிழிசல் ஆற்றல்: கீறல் முன்னேறும்போது, கிழிபடும் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் எத்தனை ஜூல் செலவாகிறது என்ற கணக்கு. 1921இல் பொறியாளர் கிரிஃபித் கண்ணாடிக்குப் போட்ட கணக்கை, 1953இல் ரிவ்லின், தாமஸ் என்ற ஆய்வாளர்கள் ரப்பருக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடிக்கு 10 ஜூல் அளவில் வரும். இயற்கை ரப்பருக்கு 10,000 அளவில்.

இவ்வளவும் மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுக்கவா செலவாகிறது? இல்லை. 1967இல் லேக்கும் தாமஸும் இதை அழகாக விளக்கினார்கள். சங்கிலியில் அறுவது ஒரே ஒரு பிணைப்புதான். ஆனால் அது அறுவதற்குள், இரண்டு குறுக்குப் பிணைப்புகளுக்கு (சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் முடிச்சுகளுக்கு) நடுவே அந்தச் சங்கிலியில் உள்ள எல்லாப் பிணைப்புகளும் விறைத்து ஆற்றலைத் தேக்கியிருக்கும். அறுந்ததும் அத்தனையும் வீணாகிறது. அப்படிக் கூட்டியும் சதுர மீட்டருக்குச் சில பத்து ஜூல்தான் தேறுகிறது. மீதி எங்கே போகிறது என்பதில்தான் இரண்டு ரப்பர்களும் பிரிகின்றன.

இயற்கை ரப்பரின் சங்கிலிகள் ஏறக்குறைய முழுவதும் ஒரே சீரான சிஸ் அமைப்பு (இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கத்தில் சங்கிலி தொடரும் வடிவம்) கொண்டவை. மூன்று, நான்கு மடங்கு இழுபட்டதும் பக்கத்துப் பக்கத்தில் ஒழுங்காக அமைந்து படிகமாகின்றன. கீறலின் நுனியில்தான் இழுப்பு மிக அதிகம். ஆகவே படிகமும் அங்கேதான் உருவாகிறது. தேவைப்படும் இடத்தில் மட்டும் இறுகி, மற்ற இடமெல்லாம் மென்மையாகவே இருக்கும் பொருள்! இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் ரப்பர்களில் பார்த்ததில்லை.

எஸ்பிஆர் என்பது ஸ்டைரீன், பியூட்டடையீன் என்ற இரண்டு வேதிப்பொருள்களை இணைத்துச் செய்வது. அதில் ஸ்டைரீன் அலகுகள் ஒழுங்கில்லாமல் கலந்திருப்பதால் சங்கிலிகள் படிகமாக அமைய வழியில்லை. அதன் ஒரே காப்பு உள் உராய்வு: சங்கிலிகள் ஒன்றையொன்று உரசி நகரும்போது ஆற்றல் வெப்பமாகக் கரைகிறது. இந்தக் காப்பு வேகத்தையும் வெப்பநிலையையும் நம்பியிருக்கிறது. குளிரில், வேகமாகக் கிழித்தால் எஸ்பிஆர் நன்றாகவே தாக்குப்பிடிக்கும். சூடாக்கி மெதுவாக இழுத்தால் கிழிசல் ஆற்றல் பல மடங்கு சரியும். அதே உராய்வுதான் ஈரச் சாலையில் டயருக்குப் பிடிப்பையும் தருகிறது. கார் டயரின் மேற்பரப்பில் எஸ்பிஆரும், லாரி, விமான டயர்களில் இயற்கை ரப்பரும் ஓங்கியிருப்பதற்கு இந்தக் குணங்களும் காரணம்.

கார்பன் பிளாக் என்ற நுண்ணிய கரித்தூளைச் சேர்த்தால் இரண்டுமே தேறும், எஸ்பிஆருக்கு லாபம் அதிகம். இப்படிக் கரித்தூள் நிரப்பிய இயற்கை ரப்பரில் கீறல் நேராக ஓடாமல் பக்கவாட்டில் திரும்பி முடிச்சு விழுந்ததுபோல் நின்றுவிடுவதும் உண்டு. கந்தகத்தைக் கூட்டிக் குறுக்குப் பிணைப்புகளை நெருக்கினால் கிழியாது என்று நினைப்பது தவறு. ரப்பர் விறைக்கும், உண்மைதான். ஆனால் பிணைப்புகளுக்கு இடைப்பட்ட சங்கிலி குட்டையாகிவிடும். லேக்–தாமஸ் கணக்குப்படி கிழிசல் ஆற்றல் குறையும்.

என் ஓட்டு பெரும்பாலும் இயற்கை ரப்பருக்குத்தான், இரண்டு இடங்கள் தவிர. சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் கீறல் நுனியில் படிகம் உருவாவது தடுமாறி, பலம் சட்டென விழக்கூடும். தொடர்ந்து சூடாகும் பாகத்துக்கு அதை நம்ப மாட்டேன். எண்ணெய் படும் இடத்துக்கோ இரண்டுமே ஆகாது.

மீண்டும் மீண்டும் சுமை ஏறி இறங்கும் பாகமானால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் சுமை முழுதாக நீங்கினால் நுனியிலுள்ள படிகங்கள் உருகிவிடும், கீறல் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். சுமை சுழியத்துக்கு இறங்காமல் எப்போதும் கொஞ்சம் மிச்சமிருந்தால் படிகங்கள் கலையாமல் நிற்கும், கீறலின் வளர்ச்சி வெகுவாகக் குறையும். எஸ்பிஆருக்கு அந்தச் சலுகை கிடையாது.