ஹம்வீ டிரெய்லரை பிக்அப்பில் மாட்டுமுன்

பெரிய பிக்அப் வைத்திருப்பவர் அமெரிக்க ராணுவ உபரியில் டிரெய்லர் தேடினால், முதலில் பார்க்க வேண்டியவை ஹம்வீ என்ற ராணுவ வண்டிக்காகச் செய்த எம்1101, எம்1102 இரண்டும்தான். அலுமினியத் தொட்டி என்பதால் காலியாக 1,400 முதல் 1,500 பவுண்டுக்குள் நிற்கும். சுமையோடு சேர்த்து எம்1101 தாங்குவது 3,400 பவுண்டு, எம்1102 தாங்குவது 4,200. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். டிரெய்லரில் பதித்திருக்கும் விவரத் தகட்டைப் படித்தால்தான் எது எதுவென்று தெரியும். ஏலப் பட்டியலில் போட்டிருப்பதை மட்டும் நம்பி எடுக்க வேண்டாம். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 72 அங்குலம். அதாவது டிரெய்லர் சக்கரம் வண்டியின் தடத்தைவிடச் சற்று வெளியே ஓடும். வண்டி நுழைந்த கேட்டில் டிரெய்லரும் நுழைந்துவிடும் என்று நினைத்தால் தூணில் உரசும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எம்416 கால் டன் வகை. ஜீப்புக்குப் பின்னால் ஓடியது. காலியாக 600 பவுண்டுகூட வராது. டகோமா, ரேஞ்சர் போன்ற சிறிய பிக்அப்புக்குப் பொருத்தம். ஆனால் அதில் இருப்பது கை பிரேக் மட்டும், ஓட்டத்தில் பிடிக்கும் பிரேக் கிடையாது. எம்101 வகை முக்கால் டன், இரும்புத் தொட்டி. துருவைச் சமாளிக்கத் தெரிந்தவர்களுக்கு நல்ல பொருள். எம்105ஏ2 பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும், விலையும் ஆசை காட்டும். ஆனால் அதன் பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது. பிக்அப்பில் கம்பிரசர் கிடையாது. காலியாகவே ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள டிரெய்லரை பிரேக் இல்லாமல் இழுப்பதில் எந்தச் சாமர்த்தியமும் இல்லை. விட்டுவிடுங்கள்.

எம்1101, எம்1102 இரண்டையும் பிக்அப்புக்கு ஏற்றதாக்குவது அவற்றின் சர்ஜ் பிரேக்தான். வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலில் இழுகம்பியின் முனை உள்ளே நகர்ந்து மாஸ்டர் சிலிண்டரை அழுத்தும், பிரேக் ஆயில் வழியாகச் சக்கரங்களில் பிரேக் பிடிக்கும். வண்டிக்குள் தனி கன்ட்ரோலர் வேண்டாம், ஒயரும் வேண்டாம். பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தாண்டினாலே டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். இது அந்த விதிக்குள் வந்துவிடும்.

யார்டில் வருடக்கணக்கில் கிடந்த டிரெய்லரில் முதலில் கெடுவதும் இந்த பிரேக்தான். ராணுவ வண்டிகளில் ஊற்றுவது சிலிகான் பிரேக் ஆயில், டாட் 5. பெரும்பாலும் ஊதா நிறத்தில் இருக்கும். இது ஈரத்தை உறிஞ்சாது. அதனால் உள்ளே புகுந்த தண்ணீர் கலக்காமல், தாழ்ந்த இடமான வீல் சிலிண்டரில் போய்த் தேங்கி, அந்த இடத்தை அரித்துவிடும். மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறந்து பாருங்கள். ஊதா இருந்தால் டாட் 5 மட்டுமே ஊற்ற வேண்டும். யாரோ சாதாரண கார்களுக்கான டாட் 3 ஊற்றியிருந்தால் இரண்டும் சேராது. முழுவதும் வடித்து, ரப்பர் பாகங்களை மாற்றுவதுதான் வழி. கொஞ்சம் ஊற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அடுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து இழுகம்பியைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். முனை உள்ளே போய்த் தானே வெளியே வர வேண்டும். அசையவே இல்லை என்றால் துரு பிடித்து இறுகியிருக்கிறது. உள்ளே போய் அங்கேயே நின்றால், ஓட்டத்தில் பிரேக் விடாமல் பிடித்து டிரம் சுடும்.

டயர் 37 அங்குலம், ரிம் 16.5 அங்குலம். இந்த அரை அங்குலம் உயிரோடு விளையாடும் விஷயம். 16 அங்குல டயரை 16.5 ரிம்மில் ஏற்றிக் காற்றடித்தால், விளிம்பு உட்காராமல் வெடிக்கும். ரிம்மும் இரண்டு பாதிகளைப் போல்ட்டால் பூட்டியது. வால்வு ஊசியைக் கழற்றி, காற்று முழுக்க இறங்கிய பிறகே அந்த நட்டுகளில் கை வைக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் டாட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: தயாரித்த வாரம், வருடம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் 2000-க்கு முந்தைய டயர். தேயாமல் பட்டன் நிறைய இருந்தாலும் நெடுஞ்சாலைக்கு ஆகாது.

சக்கரத்தை ஹப்பில் பூட்டும் போல்ட் வட்டம் 8 துளை, 6.5 அங்குலம். ராம் ஹெவி டியூட்டி, 2010 வரையிலான ஷெவி முக்கால் டன் வண்டிகளின் அளவும் இதுதான் என்பதால் வண்டிக்கும் டிரெய்லருக்கும் சேர்த்து ஸ்டெப்னி ஒன்று போதும் என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. ஹம்வீ ரிம் உள்பக்கமாக அதிகம் தள்ளியிருக்கும். பிக்அப் ஹப்பில் மாட்டினால் உள்ளே உரசும்.

விளக்கு 24 வோல்ட், பிளக் 12 முனை. 12 வோல்ட்டில் அந்த பல்பு மங்கலாக மினுங்கும், அவ்வளவுதான். கன்வெர்ட்டரில் பணம் போடுவதைவிட, பழைய ஒயரிங்கைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் எல்இடி, 7 முனை பிளக் என்று புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. எர்த்துக்குத் தனி ஒயர் இழுங்கள். வண்டியோடு இணைக்கும், ஆடிக்கொண்டே இருக்கும் வளையத்தின் வழியாக எர்த் ஒழுங்காகக் கிடைக்காது.

இணைப்பு 3 அங்குல வளையம். அதற்கு பின்டில் கொக்கி, அதாவது வளையத்தைக் கவ்விப் பூட்டும் தடித்த கொக்கி வேண்டும்; பந்தும் கொக்கியும் சேர்ந்த வகையும் கிடைக்கும். காலியாக ஓடும்போது 'டொக் டொக்' என்று இடித்துக்கொண்டே வரும், அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும். டிரெய்லரைச் சமமாக நிறுத்தி, தரையிலிருந்து வளையத்தின் நடுப்பகுதி வரை அளந்த பிறகு கொக்கியை வாங்குங்கள். உயரம் மாற்றக்கூடிய தட்டு இருந்தால் இன்னும் வசதி. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுகம்பியில் விழ வேண்டும். பாதுகாப்புச் சங்கிலியின் கொக்கி பிக்அப்பின் பின்புற இணைப்புச் சட்டத்தில் (ரிசீவர்) உள்ள ஓட்டையில் நுழையாத அளவுக்குத் தடிமனாக இருக்கும். எடைக் குறியீடு உள்ள ஷேக்கிள் (U வடிவப் பூட்டு வளையம்) மாற்றி, இழுகம்பிக்குக் கீழே குறுக்காகப் பூட்டுங்கள்.

பச்சை, மணல் நிறப் பெயிண்ட் ராணுவத்தின் ரசாயனத் தடுப்புப் பூச்சு. அதன்மேல் வெல்டிங் வைத்தாலோ உலர்வாகத் தேய்த்தாலோ கிளம்பும் புகையும் தூசியும் நுரையீரலைக் கெடுக்கும். முன்பு அடித்த பிரைமரில் குரோமியமும் இருக்கலாம். துளை போட, ராக் பற்றவைக்கத் திட்டம் இருந்தால் அந்த இடத்தில் பூச்சை ரசாயனத்தால் அகற்றிய பிறகே தொடங்க வேண்டும்.

அமெரிக்க அரசின் ஜிஎஸ்ஏ ஏலத்திலோ, கவ்பிளானெட் ஏலத் தளத்திலோ எடுப்பதானால், டைட்டில் (உரிமைச் சான்று) வாங்க உதவும் எஸ்எஃப்-97 படிவம் தருவார்களா என்பதை ஏலம் கேட்குமுன் உறுதி செய்யுங்கள். அதை வைத்துத்தான் மாநில வாகனப் பதிவு அலுவலகமான டிஎம்வியில் டைட்டில் வாங்க முடியும். படிவத்தில் உள்ள எண்ணும் டிரெய்லர் தகட்டில் உள்ள எண்ணும் ஓர் இலக்கம்கூட மாறக் கூடாது. மாறியிருந்தால் யார்டை விட்டு வெளியே எடுக்குமுன் திருத்தி வாங்குங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அந்தத் திருத்தத்துக்கு அலைய வேண்டியது வாங்கியவர்தான்.