குளோமிஃபீனா, லெட்ரோசோலா?

சினைப்பை நீர்க்கட்டியால் (பிசிஓஎஸ்) முட்டை வெளிவராமல், வள்ளியூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் பாளையங்கோட்டைக்கு ஸ்கேன் எடுக்க வரும் பெண்களின் மருந்துச்சீட்டில் பெரும்பாலும் இவற்றில் ஒன்று இருக்கும். இரண்டுமே ஐந்து நாள் மாத்திரை. இரண்டுமே எஃப்எஸ்ஹெச் ஹார்மோனைக் கூட்டி முட்டையை வளர்க்கின்றன. வழிதான் வேறு.

குளோமிஃபீன், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருப்பதை மூளை உணராதபடி மறைக்கிறது; அது குறைந்துவிட்டதென்று மூளை எஃப்எஸ்ஹெச்சைக் கூட்டுகிறது. வாரக்கணக்கில் உடலில் தங்குவதால் கருப்பையின் உட்சுவரையும் மெலியச் செய்யலாம். மாதாமாதம் முட்டை வெடித்தும் கரு தங்கவில்லையே என்று கலங்குகிறவர்கள் இதை மருத்துவரிடம் அவசியம் கேட்க வேண்டும். லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே குறைக்கிறது. சில நாட்களில் வெளியேறிவிடுகிறது.

2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில் குழந்தை பெற்றவர்கள் லெட்ரோசோலில் 27.5 சதவீதம், குளோமிஃபீனில் 19.1. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு லெட்ரோசோலே மேல் என்பேன். இந்தியாவில் 2011இல் குழந்தையின்மை சிகிச்சைக்கு அதைத் தடை செய்தது உண்மை. 2017இல் அந்தத் தடை நீங்கிவிட்டது.