இரண்டு அலை, ஒரே கடிகாரம்: ப்ளூ பில், எஃப்407, பிக்கோ – எது தேறும்?

போன மாதம் மண்டபம் ஊரில் என் பட்டறைக்கு அக்கா மகன் ஒரு கல்லூரி ப்ராஜெக்ட்டோடு வந்தான். இரண்டு ஹைட்ரோஃபோன்களை (தண்ணீருக்குள் ஒலி கேட்கும் மைக்) 1.5 சென்டிமீட்டர் இடைவெளியில் தண்ணீருக்குள் வைத்து, 50 கிலோஹெர்ட்ஸ் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் நாட்டுப்படகு எடுத்துக்கொண்டு பாக் விரிகுடாவுக்குப் போக முடியாது. மேசையிலேயே ஒரு பொய்க் கடல் வேண்டும். அதாவது, இரண்டு கம்பியில் இரண்டு அலை, ஒன்று மற்றதைவிடச் சொன்ன அளவுக்குப் பிந்தி, மணிக்கணக்கில் அறுபடாமல் ஓட வேண்டும். இதற்கு ப்ளூ பில், எஃப்407, பிக்கோ என்ற மூன்று மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளை எடைபோட்டேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். 50 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 3 சென்டிமீட்டர், ஒரு சுற்று 20 மைக்ரோசெகண்ட். ஒரு அலை 1 மைக்ரோசெகண்ட் தப்பினால் கட்டத்தில் (phase, அதாவது ஒரு சுற்றில் அலை நிற்கும் இடம்) 18 டிகிரி பிழை, திசையில் 5.7 டிகிரி. நூறு மீட்டர் தள்ளி நிற்கும் படகு பத்து மீட்டர் ஒதுங்கிவிட்டதாகக் காட்டும். இந்த ஒரு மைக்ரோசெகண்டைத்தான் எடைக்கல்லாக வைத்துக்கொண்டேன்.

இன்டரப்ட்டில் (ஓடும் வேலையை நிறுத்திச் சிப்பைக் கூப்பிடும் அழைப்பு) பின்னை ஏற்றி இறக்கும் வழி இதில் உடனே அடிபட்டுப் போகிறது. நொடிக்கு இரண்டு லட்சம் இன்டரப்ட் வேண்டும். நடுவில் சீரியல் போர்ட்டில் ஒரு எழுத்து வந்தாலே அலை தடுக்கும்.

அடுத்து ப்ளூ பில், எஸ்டிஎம்32 எஃப்103. 72 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் 50 கிலோஹெர்ட்ஸின் ஒரு சுற்றுக்குச் சரியாக 1440 துடிப்பு வரும். ஒரு துடிப்பு கால் டிகிரி, நமக்குத் தாராளம். சிக்கல் கிளப்புவதில்தான். சிப்புக்குள் துடிப்பை எண்ணும் டைமர் 2-ஐ ஒரு வரியிலும் டைமர் 3-ஐ அடுத்த வரியிலும் ஆன் செய்தால், நடுவில் எத்தனை துடிப்பு போகும் என்பது கம்பைலர் இஷ்டம். கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கயிறு, இரண்டு கூட்டம், ஆனால் அம்பாப் பாட்டுக்கு ஒரே குரல். ஆளுக்கொரு பக்கம் குரல் கொடுத்தால் வலை கோணிக்கொள்ளும். இங்கே அந்தக் குரல், மாஸ்டரான டைமர் 2-இன் ட்ரிகர் (கிளப்பும் சைகை) வெளியீடு. டைமர் 3-ஐ ட்ரிகர் மோடில் ஸ்லேவ் ஆக்கி, அதன் கவுண்டரில் தேவையான தள்ளலை முன்பே எழுதிவிட்டு, கடைசியாக மாஸ்டரை ஆன் செய்ய வேண்டும். ஸ்லேவ் ட்ரிகரைக் கண்டு கிளம்ப ஓரிரு துடிப்பு பிந்தும். முன்பே எழுதும் தள்ளலில் அதையும் சரிக்கட்டிவிடலாம். ஆனால் இந்தச் சிப்பில் டிஏசி (எண்ணை மின்னழுத்தமாக்கும் பகுதி) கிடையாது. சதுர அலைதான், அதைச் சைன் அலையாக்க ஃபில்டர் கட்ட வேண்டும். இரண்டு ஃபில்டரும் ஒரே அளவு கட்டத்தைத் தள்ளும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? மலிவாகக் கிடைக்கும் போர்டுகளில் போலிச் சிப்பு வரும் தலைவலி வேறு.

எஃப்407-இல் 12 பிட் டிஏசி இரண்டு உண்டு. டைமர் 6 வினாடிக்கு 10 லட்சம் முறை தட்ட, ஒரு சுற்றுக்கு 20 சாம்பிள் கிடைக்கும். டிஎம்ஏ (சிபியு இல்லாமல் தானே தரவை நகர்த்தும் பகுதி) சர்க்குலர் மோடில் சாம்பிள் அட்டவணையைச் சுற்றிக்கொண்டே இருக்கும், சிபியுவுக்கு வேலையே இல்லை. பையன் இதைத்தான் முதலில் எழுதியிருந்தான்.

“மாமா, பட்டனை ஒரு தடவை அமுக்குனா சரியா வருது, அடுத்த தடவை மாறிடுது. கோடுல ஒரு தப்பும் இல்ல.”

ஆசிலோஸ்கோப்பில் பார்த்தேன். இரண்டு சைனும் அழகாகத்தான் இருந்தன. ஆனால் பட்டன் அமுக்கும்போதெல்லாம் இடைவெளி சரியாக ஒரு மைக்ரோசெகண்ட் கூடும், இல்லையென்றால் குறையும். டைமரை முதலில் ஓடவிட்டு, அதன் பிறகு இரண்டு சேனலுக்கும் தனித்தனி டிஎம்ஏவை அடுத்தடுத்துக் கிளப்பியிருந்தான். ஓடுகிற பஸ்ஸில் இரண்டு பேர் ஒருவர்பின் ஒருவராக ஏறுவது மாதிரி. டைமரைக் கடைசியில் கிளப்பினாலே இது தீரும். ஆனால் அதைவிட நல்ல வழி, இரண்டு சேனலுக்கும் பொதுவான இரட்டை ரெஜிஸ்டர். ஒரே 32 பிட் வார்த்தையில் இரண்டு சேனலின் மதிப்பும் உட்காரும். ஒரு டைமர், ஒரு டிஎம்ஏ, ஒரே தடவை எழுதினால் போதும். கட்ட வித்தியாசம் அட்டவணைக்குள்ளேயே இருப்பதால், பிசகுவதற்கு இடமே இல்லை.

ஓடும்போதே கோணத்தை மாற்ற வேண்டுமா? 20 சாம்பிள் அட்டவணையில் பாதி தீர 10 மைக்ரோசெகண்ட்தான், எழுதி முடிக்க நேரம் போதாது. 2000 ஆக நீட்டினால் பாதிக்கு ஒரு மில்லிசெகண்ட் கிடைக்கும். டிஎம்ஏ பாதி முடிந்ததாகச் சொல்லும்போது முடிந்த பாதியை மாற்றி எழுதலாம். அந்த அட்டவணையை 64 கிலோபைட் சிசிஎம் நினைவகத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். டிஎம்ஏவுக்கு அங்கே வழி இல்லை. ஒரு சாயங்காலம் முழுக்க இதில் போனது.

பிக்கோவைப் பற்றி அவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. இதன் சிப்பான ஆர்பி2040-இல் பிஐஓ என்று, பின்களைத் தானே ஆட்டும் தனிப் பகுதி உண்டு. ஒரு பிஐஓவின் எல்லா ஸ்டேட் மெஷினையும் (சின்ன நிரலைத் தனியாக ஓட்டும் அலகு) ஒரே துடிப்பில் கிளப்ப ஒரு அழைப்பு போதும், ப்ளூ பில்லில் பட்ட பாடு இங்கே இல்லை. ஆனால் டிஏசி இல்லாததால் வெளியே ரெசிஸ்டர் ஏணி வேண்டும், சேனலுக்கு எட்டு பின். ஆர்பி2040-இன் டிஎம்ஏ எண்ணிக்கை முடிந்தால் நின்றுவிடும் என்பதால், அதை மறுபடி முடுக்க இன்னொரு டிஎம்ஏ சேனலைச் சங்கிலி போட வேண்டும். நடுவில் விழும் சின்ன இடைவெளியை பிஐஓவின் நான்கு வார்த்தை வரிசை தாங்கிக்கொள்ளும். வெறும் ஒன்று, பூஜ்ஜியம் மட்டும் வேண்டுமென்றால் இதைத்தான் எடுப்பேன். சைன் என்றால் எங்கள் உப்புக்காற்றில் முப்பது ரெசிஸ்டர் கால்கள் பச்சை பூத்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. மேசையில் இப்போது ஓடுவது எஃப்407.

பையன் அடுத்து நான்கு ஹைட்ரோஃபோன் என்கிறான். “இன்னொரு போர்டு வாங்கிப் போட்டா சரியாயிரும்ல மாமா?” ஆகாது. இரண்டு போர்டின் கிரிஸ்டலும் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20) வித்தியாசப்பட்டாலே 50 கிலோஹெர்ட்ஸில் 1 ஹெர்ட்ஸ் விலகும். நொடிக்கு ஒரு முறை கட்டம் முழு வட்டம் அடித்துவிடும். முதல் போர்டின் கடிகாரத்தை ஒரு பின்னில் வெளியே எடுத்து இரண்டாவதுக்குக் கொடுக்க வேண்டும், கூடவே கிளம்புவதற்கு ஒரு ட்ரிகர் கம்பியும். அந்தக் கம்பியை எவ்வளவு குட்டையாக வைப்பது என்றுதான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.