வளர்த்த பால் பைத்தான் (ball python, சிறு மலைப்பாம்பு): தோட்டத்தில் விடுவதா, வனத்துறையிடம் கொடுப்பதா?

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இரவோடு இரவாக விட்டுவிட்டால் செலவுமில்லை, கேள்வியுமில்லை. ஆனால் இடுக்கியால் எலியைப் பிடித்து நீட்டினால் வாங்கித் தின்று பழகிய ஆப்பிரிக்கப் பாம்பு அது. விடியற்காலையில் பால்வெட்டுக்கு வருகிறவர் கண்ணில் பட்டால் அடிதான். பிழைத்துப் பெருகினால் இன்னும் மோசம்: அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில், வளர்ப்பிலிருந்து வெளியே போன பர்மிய மலைப்பாம்பு பெருகிய பிறகு, ரக்கூன் என்ற சிறு விலங்கு கண்ணில் படுவதே 99 சதவீதம் குறைந்துவிட்டதாக 2012இல் வந்த ஆய்வு சொன்னது.

வனத்துறையிடம் கொடுப்பதென்றால் நாகர்கோவிலுக்கு அலைச்சல் உண்டு. வெளிநாட்டு உயிரினங்களை வளர்ப்பது பற்றிய 2024 விதிகளின்படி, பாம்பை ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும். பதியாதவருக்கு வனத்துறை அலுவலகத்துக்குள் போகவே பயம். (தோட்டத்தில் விடத் தூண்டுவது இந்தப் பயம்தான் என்பது என் எண்ணம்.) சரி, முதலில் போன் செய்து கேட்டுவிட்டு, காற்றுப் போகும் பெட்டியில் கொண்டுபோங்கள். என் ஓட்டு இதற்கே.