விரல் வைத்தால் பொருள் சொல்லாத கருவி: ஐந்து வருட அனுபவம்

போன வாரம் என் மின்நூல் கருவிக்கு சார்ஜ் பின் மாற்றினேன். கூலியோடு 350 ரூபாய் ஆனது. அதே வாரம் அதன் புது மாடல் தள்ளுபடியில் வந்தது. எங்கள் ஆபீஸில் வேலை செய்யும் தங்கை ஒருத்தி, “அக்கா, நீங்க பஸ்ஸில வெச்சிப் படிப்பீங்களே, அதை நானும் வாங்கலாமா?” என்று கேட்டாள். அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. ஐந்து வருடத்துக்கு மேல் கையோடு இருக்கும் பொருளைப் பற்றி ஒரு வரி எப்படிப் போதும்?

திரை அளவு, நினைவகம், விலை எல்லாம் தேடினால் கிடைக்கும். என்னுடையது 6 அங்குலத் திரை, கறுப்பு வெள்ளை, உள்ளே விளக்கு உண்டு. சார்ஜ் போடுவது பழைய மைக்ரோ யூஎஸ்பி. அதுதான் ஆடி ஆடிக் கடைசியில் கழன்றது.

நான் இருப்பது தருமபுரியில். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். சீசனில் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து நிற்கும்போது எடைச் சீட்டும் பில்லும் பார்த்துவிட்டு பஸ் ஏறினால் தூக்கம்தான். சீசன் முடிந்த பிறகுதான் வாசிப்பு. முதலில் போனில் பேச்சுகளும் பாட்காஸ்டும் கேட்டுப் பார்த்தேன். காரிமங்கலம் வருவதற்குள் கண் சொக்கிவிடும், பஸ்ஸில் போடும் பாட்டு வேறு. கேட்டது மறுநாள் நினைவில் நிற்கவில்லை. எனக்குக் கண்ணால் பார்த்தால்தான் மண்டையில் ஏறும் என்று தெரிந்து இதை வாங்கினேன்.

வாசிக்கிற வேலையை இது அவ்வளவு நன்றாகச் செய்கிறது. ஜன்னலோர வெயில் நேராக விழுந்தாலும் எழுத்து தெளிவாகத் தெரியும். இரவு காவேரிப்பட்டணம் தாண்டி பஸ்ஸில் விளக்கை அணைத்துவிட்டால் உள் விளக்கு போதும். எழுத்தைப் பெரிதாக்கி வைத்தால் குலுக்கலிலும் வரி தவறாது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் எனக்கு இரண்டு, மூன்று வாரம் வரும். நாற்பது வயதுக்கு மேல் பஸ்ஸில் இத்தனை நூல் படிப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

படிக்க நூலுக்கும் பஞ்சமில்லை. மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியது. தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து, பிழை திருத்தி, பழைய நூல்களை இலவசமாகத் தருகிறார்கள். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இந்த மாதிரிக் கருவிகளுக்கென்றே 6 அங்குலப் பக்க அளவில் பிடிஎஃப் போட்டுவைத்திருக்கிறார்கள். தமிழ் எழுத்து உடைந்து உடைந்து தெரிந்த கருவிகளை வைத்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! பள்ளியில் மனப்பாடப் பகுதியாக மட்டும் பார்த்த புறநானூற்றை முழுசாகத் திறந்தது இதில்தான்.

திறந்த இடத்திலேயே தொல்லையும் தொடங்கியது.

ஆங்கில நூலில் ஒரு சொல்மேல் விரலை அழுத்தினால் பொருள் வந்து நிற்கும். தமிழ்ச் சொல்மேல் அதே விரலை வைத்தால், பொருள் கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டி வரும். ஐந்து வருடமாக அதே பெட்டி. மென்பொருளை எத்தனையோ தடவை புதுப்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் முதல் வேலையாக ஒரு தமிழ்ச் சொல்லை அழுத்திப் பார்ப்பேன். அதே பெட்டி.

அகராதிக்கு வழியில்லாத மொழியா தமிழ்? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அதை சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. போனில் பிரவுசரைத் திறந்து நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு கையில் கருவி, ஒரு கையில் போன், மடியில் சாப்பாட்டுப் பை, மேலே கம்பியைப் பிடிக்கக் கை இல்லை.

நியாயமாகச் சொன்னால், வேலை சுலபம் இல்லைதான். ஆங்கிலத்தில் ஒரு வினைக்கு நாலைந்து வடிவம் இருக்கும். நம் மொழியில் ‘போ’ என்ற ஒன்றே போகிறேன், போனவர்களுக்கு, போய்க்கொண்டிருந்ததால் என்று நூற்றுக்கணக்கில் விரியும். வேற்றுமை உருபு ஒட்டும், ஒற்று மிகும், இரண்டு சொல் சேர்ந்து ஒன்றாகும். அதையெல்லாம் பிரித்து அடிச்சொல்லைக் கண்டுபிடித்தால்தான் அகராதி பக்கத்தைப் புரட்டவே முடியும். யாரோ ஒரு ஆர்வலர் செய்து வைத்திருந்த தமிழ் அகராதிக் கோப்பு ஒன்றை இறக்கிப் போட்டுப் பார்த்தேன். ‘மரம்’ என்று அழுத்தினால் பொருள் வருகிறது. ‘மரத்தை’ என்றால் வரவில்லை. ‘மரம்’ எனக்கே தெரியுமே! ஆனாலும் தனி ஆளாகச் சம்பளம் இல்லாமல் செய்தவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. காசு வாங்கித் தமிழ் நூல் விற்கிறவர்கள்மேல்தான்.

நான் சிக்கிய ஒரு இடத்தைச் சொல்கிறேன். புறநானூறு 95. அவ்வையார் பாடியது. எங்கள் தகடூர் (தருமபுரியின் பழைய பெயர்) அரசன் அதியமானுக்காக, இன்னொரு அரசனான தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். உன் ஆயுதங்கள் மயில்பீலி கட்டி, மாலை சூட்டி, நெய் பூசி, காவலுள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன என்கிறார் அவ்வை. அதியமானுடையவை பகைவரைக் குத்தி, முனை சிதைந்து, ‘கொல்துறைக் குற்றில’. அங்கே நின்றுபோனேன். ‘குற்றில’ என்றால் என்ன? அழுத்தினேன். பெட்டி வந்தது. குற்றம் இல்லாதவை என்று நானே பொருள் வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் அந்தப் பொருளோடுதான் பஸ்ஸில் போய்வந்தேன். பாட்டு எங்கோ இடித்தது, எங்கே என்று தெரியவில்லை.

அதற்குள் ஒரு பழக்கம் வந்திருந்தது. தெரியாத சொல்லையெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் பென்சிலால் எழுதிவைப்பேன். பென்னாகரம் பக்கத்திலிருந்து அத்தை, என் மாமியார், வந்திருந்தபோது அந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அத்தை அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர். “கொல்லுன்னா கொல்லுப்பட்டறை. குறு இல்லுன்னா சின்ன வீடுதானே? அப்ப கொட்டாய்தான்” என்றார். அவர் அப்பா கொழுவும் அருவாளும் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போவாராம், இவரும் கூடவே ஓடுவாராம். “முனை மழுங்கினது, பல்லு போனது எல்லாம் அந்தக் கொட்டாய்லதான் குவிஞ்சி கெடக்கும். வேலை செஞ்சாதானே மழுங்கும்?”

அவ்வை சொன்னதே அதுதான். உன் ஆயுதம் போர் பார்க்காதது, அவனுடையது பார்த்தது. அத்தை பாட்டைப் படித்தவர் இல்லை, பட்டறையைப் பார்த்தவர். எங்கள் பக்கம் எத்தனை ஊர்ப் பெயர் ‘கொட்டாய்’ என்று முடிகிறது! தினமும் அந்தப் பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போகிற நான் ‘குற்றில’ தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு சொல் ‘கவலை’. ஒரு பழைய கட்டுரையில் ‘விடியுமுன் கவலை ஓட்டினார்கள்’ என்று இருந்தது. இறக்கிய அகராதி வருத்தம் என்றது. பக்கத்து சீட்டில் மத்தூர்க்காரப் பெரியவர் ஒருவர். அவரிடம் கேட்டேன். பஸ் நின்றதும் தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தார்: கவலை என்றால் மாடு கட்டிக் கிணற்று நீர் இறைப்பது. இரண்டு மாடு, ஒரு வடக்கயிறு, கிணற்றுக்குள் தண்ணீர் மொள்ளும் சால். மாடு சரிவில் இறங்கினால் தண்ணீர் மேலே வரும், மறுபடி மாட்டைப் பின்னாலேயே நடத்தி ஏற்றவேண்டும், வடத்தின்மேல் உட்கார்ந்து பாட்டுப் பாடுவார்கள். மோட்டார் வந்ததும் போயிற்று என்று சொன்னபோது அவர் கை காற்றில் கயிற்றைப் பிடித்திருந்தது. எந்த அகராதியில் அந்தக் கை இருக்கும்?

மூன்றாவது நோட்டு இப்போது ஓடுகிறது. பஸ் குலுக்கலில் எழுதியதால் பாதிச் சொல் கோணல். ஆனால் எந்தச் சொல்லை யாரிடம் கேட்டேன் என்பதைக்கூட எழுதியிருக்கிறேன். பட்டம் வாங்கி இருபது வருடம் ஆன பிறகு நான் படித்த படிப்பு என்றால் இதுதான்.

இதற்காகக் கருவிக்காரர்களுக்கு நன்றி சொல்லமாட்டேன். அகராதி இருந்திருந்தாலும் அத்தையிடம் கேட்டிருப்பேன், இன்னும் கூடுதலாகக் கேட்டிருப்பேன். கேட்க ஆள் இல்லாத இடத்தில், இரவு பஸ்ஸில் தனியாகப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பெட்டி மட்டும்தானே பதில்?

பழுது பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் கேட்டால், வாரண்டி முடிந்ததைப் பார்ப்பதில்லை, புதிது வாங்கினால் தள்ளுபடி என்றார்கள். கிருஷ்ணகிரியில் செல்போன் கடைத் தம்பி ஒருவன் பின் மூடியை மெதுவாக நெம்பி எடுத்தான். பேட்டரி இணைப்பைக் கழட்டியவன் நிமிர்ந்து, “அக்கா, கரண்ட்டே இல்ல, எழுத்து அப்படியே நிக்குது பாருங்க” என்றான். நானும் எழுந்து பார்த்தேன். நான் நேற்று விட்ட பக்கம் அப்படியே இருந்தது. திரைக்குள் கறுப்பும் வெள்ளையுமாக நுண்ணிய துகள்கள் இருக்கின்றன. பக்கம் மாறும்போது மட்டும்தான் அவற்றை நகர்த்த மின்சாரம் வேண்டும், நகர்ந்த பிறகு வைத்த இடத்திலேயே நிற்கும். சார்ஜ் வாரக்கணக்கில் வருவதன் காரணத்தை ஐந்து வருடம் கழித்து ஒரு பழுதுக் கடை மேசையில் கண்ணால் பார்த்தேன். அந்தத் தம்பிக்கும் இது முதல் தடவையாம். போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டான்.

சரி, வாங்கலாமா? தங்கை குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். பள்ளிப் பாடநூல் பிடிஎஃப்களைப் படிக்கத்தான் கேட்கிறாள். அதற்கு வேண்டவே வேண்டாம். அந்தப் பக்கங்கள் பெரியவை, வண்ணத்தில் உள்ளவை. 6 அங்குலத்தில் எழுத்து எறும்பு மாதிரி தெரியும், பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். மாவட்ட மைய நூலகத்தில் அச்சுப் புத்தகமே இருக்கும், ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கதை, கட்டுரை படிக்க என்றால்? மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது முரணாகத் தோன்றலாம். அதற்கும் என் பதில் வேண்டாம்தான். தமிழ் நூலை விற்கத் தெரிந்தவர்களுக்குத் தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் வைக்க மனம் வரும் வரைக்கும் என் கையால் இன்னொன்றுக்குக் காசு கொடுக்கமாட்டேன், கொடு என்று இன்னொருத்திக்கும் சொல்லமாட்டேன். தள்ளுபடி எவ்வளவு ஆனாலும் சரி.

என்னுடையதை அவளுக்கு ஒரு மாதம் தருகிறேன். வயரை நேராகச் செருகவேண்டும், சார்ஜ் ஏறும்போது தூக்கிப் படிக்கக் கூடாது, பின் கழன்றது அப்படித்தான். நோட்டு என்னிடமே இருக்கட்டும். அதில் பத்துப் பன்னிரண்டு சொல் இன்னும் பொருள் இல்லாமல் நிற்கிறது. அத்தை பொங்கலுக்கு வரும்போது கேட்கவேண்டும்.